ஏலுமா

நிலாவெளியில் ஓர் அலை
ஜெஸீமாவின் இடது செருப்பை மட்டும் கொண்டுபோனது.
திங்கட்கிழமை காலை
வலதைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு
ஆய்வுகூடத்துக்கு வந்துவிட்டாள்.
"அணுவணுவா அடுக்கினா எதையும் செய்யலாம் எண்டு
எந்த நேரமும் சொல்றீங்களே,
இதுக்கொரு சோடி செஞ்சு தர ஏலுமா?"

புல்மோட்டைக் கறுப்பு மணல் நிறுக்கும் தராசில்
செருப்பை வைத்தேன்.
குதியும் நுனியும் தட்டுக்கு வெளியே நின்றன.
கடைசித் தசமம் ஆடியது.
மின்விசிறியை நிறுத்தினேன்.
131.4062 கிராம்.

இடதும் இவ்வளவுதான் இருக்கும் என்று வைத்து
மணல் பதிவேட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
பெரும்பாலும் கரியும் ஐதரசனும்.
பதினைந்து எழுதி
அதன் பின்னால் இருபத்துநாலு பூச்சியம்.
செக்கனுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனால்
பிரபஞ்சத்தின் வயதை
மூன்றரைக் கோடி தடவை கடக்க வேண்டும்,
இடைவேளை இல்லாமல், பிளேன்ரீ இல்லாமல்.

சரி, லட்சம் கோடிக் கைகள்.
ஒவ்வொரு கையும் செக்கனுக்குப் பத்து லட்சம்.
நூற்றெழுபத்தைந்து நாள்.
"பெருநாளைக்கு வந்திடும்" என்றாள் ஜெஸீமா.

ஆனால் கை எதால் செய்வது?
அணுவைப் பிடிக்கிற விரலும் அணுதான்.
பிடித்ததை விடாது,
தொதல் கிண்டிய கை போல
இதில் உதறினால் அதில் ஒட்டும்.
உதறாமலே வைத்தாலும்
முப்பத்துநாலு பாகை வெயிலில்
எது சொன்ன இடத்தில் நிற்கிறது?
கோட்டை வாசல் மான்களைக்
கொம்பு உயரப்படி வரிசையில் நிறுத்திவிட்டு
திரும்பிப் பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னேன்.
அவளுக்கு வேறு கவலை.
"புதுசு வேணாம். புதுசு கடிக்கும்.
தேஞ்சதைத்தான் செய்யணும்."

செருப்பைப் புரட்டினேன்.
குதியின் வெளி விளிம்பில்
ஒரு பிறைத்துண்டு இல்லை.
இல்லாதது எங்கே?
கொஞ்சம் கிண்ணியாப் பாலத்தில்,
கொஞ்சம் உட்துறைமுக வீதித் தாரில்,
ஆஸ்பத்திரிப் படிகளில் கூடுதலாக.
மகனுக்கு டெங்கு வந்த பதினொரு நாளும்
ஏறி இறங்கிய படிகள்.
இடது குதியோ வேறு மாதிரித் தேய்ந்திருக்கும்,
அந்தப் பக்கம்தான் பிள்ளையைத் தூக்குவாளாம்.
வலதைக் கண்ணாடியில் பார்த்து எழுதினால்
இடது வராது.

வைக்க வேண்டிய அணுக்களுக்கு ஒரு பட்டியல் போடலாம்.
வைக்கக் கூடாதவற்றுக்கு
அவளோடு திரும்பவும் நடந்தல்லவா வர வேண்டும்.

பதிவேட்டில் "ஏலாது" என்று எழுதி
திகதி போட்டேன்.
பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில்
ஒற்றை விற்க மாட்டார்களாம்.
சோடியாக வாங்கினாள்.
இப்போது அவளிடம் இரண்டு வலது.
பழையதை என் மேசைக்கடியில் விட்டுவிட்டுப் போனாள்,
"மனசு மாறினா" என்று.

வாடைக்காற்று தொடங்கியது.
யன்னல் கம்பி செம்மண் நிறத்துக்குப் போனது.
பூட்டு திறக்கத் தேங்காயெண்ணெய் தேவைப்பட்டது.
மாதக் கடைசியில் வேலை இல்லாத ஒரு பின்னேரம்
செருப்பை எடுத்துத் தட்டில் வைத்தேன்,
சும்மா.

131.4079.

விசிறியை நிறுத்திப் பார்த்தேன்.
கதவைச் சாத்திப் பார்த்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டும் பார்த்தேன்.
131.4079.

நக்கிப் பார்க்கத் தேவையில்லை, உப்பு.
துறைமுகத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து
தனக்கென்று ஓர் இடம் பிடித்திருக்கிறது.
யாரும் விரல் நீட்டவில்லை.
யாரும் எண்ணவில்லை.

ஜெஸீமா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
"இந்த வேகத்தில ஒரு செருப்பு எப்ப முடியும்?"
கணக்குப் போட்டேன்.
ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் வருடம்.
என் ஒற்றைக் கையோடு பார்த்தால்
மின்னல் வேகம்.

"ஆனால் உப்புச் செருப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப கடலுக்குப் போட்டுக்கொண்டு போக ஏலாது."